காலிக் கடைகளைப் பண்பாட்டு நிலையமாக்குதல்

வியாபாரம் நின்றுபோய்க் கதவடைத்துக் கிடக்கும் கடைகளை, உரிமையாளரின் சம்மதத்தோடு, சித்திரசாலையாகவும் வாசகசாலையாகவும் ஒத்திகைக்கூடமாகவும் அக்கம்பக்கத்தார் கூடும் பொதுவிடமாகவும் உபயோகிக்கும் முறை. இக்காலத்தில் இம்முறைக்குப் பிரசித்தி தேடித் தந்தது ஆஸ்திரேலியாவின் நியூகாசில் நகரம். 1999இல் அங்கிருந்த பி.எச்.பி. எஃகாலை மூடப்பட்ட பின்னர்க் களையிழந்து நின்ற கடைவீதியில், 2008இல் மார்க்கஸ் வெஸ்ட்பரி தொடங்கிய 'ரினியூ நியூகாசில்' என்னும் ஸ்தாபனம், குத்தகைப் பேச்சையே எடுக்காமல், உரிமையாளர் கேட்டால் முப்பது நாளில் காலிசெய்து கொடுக்கும் நிபந்தனையோடு கடைகளைப் பெற்றுக் கலைஞர்களுக்கும் கைவினைஞர்களுக்கும் அளித்தது; 2019இல் தன் பணியை முடித்துக்கொண்டது. லண்டன் பிரிக்ஸ்டனின் கிரான்வில் ஆர்கேடிலும் 2009இல் இவ்வாறான முயற்சி நடந்தது.

தமிழரிடையே இவ்வழக்கம் புதிதன்று. யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும், 1949இல் திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றிய பின்னர்த் தமிழகத்துத் தெருக்களில் பெருகிய மன்றங்களும் படிப்பகங்களும், பெரிய கட்டடத்துக்குக் காத்திராமல், கிடைத்த ஓர் அறையில் ஒரு பெஞ்சும் சில தினசரிகளும் வைத்தே ஊரைக் கூட்டிவிடலாம் என்பதை முன்னமே மெய்ப்பித்தவை.

தமிழர் திரளாக வாழும் பம்பாயில் இம்முறை வேரூன்றாமைக்குக் காரணத்தை, கலை ஆர்வத்தின் குறைவிலன்று, வாடகைச் சட்டத்தின் சரித்திரத்திலேயே தேடவேண்டும். 1896இன் பிளேக்கை அடுத்து 1898இல் நிறுவப்பட்ட பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு, தாதர், மாதுங்கா, சயான் பிரதேசங்களைத் திட்டமிட்டு வகுத்தது. அங்கே எழுந்த அடுக்குக் கட்டடங்களில் தென்னிந்தியர் திரளாகக் குடியேற, அவர்களுக்கு வேண்டிய காப்பியும் காய்கறியும் பூவும் விற்கும் கடைகள் கீழ்த்தளங்களில் அமைந்தன. முதல் மகாயுத்த காலத்தில், 1918இலேயே, வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதன் பின்வந்தவற்றுள் தலையாயது 1947ஆம் ஆண்டுச் சட்டம். 1948 பிப்ரவரியில் அமலுக்கு வந்த அது, வாடகையை 1940 செப்டம்பர் நிலையிலேயே நிறுத்திவைத்தது. வாடகை நின்றுவிட்டதால், வாடகை உரிமையே விலைப்பொருளாயிற்று. 'பகடி' என்று சொல்லப்படும் முன்தொகையைக் கொடுத்துக் கடையில் நுழைந்தவர் ஏறக்குறைய பாத்தியதைக்காரரே ஆனார். இதைத் தவிர்ப்பதற்காக உரிமையாளர்கள், வாடகை உரிமை தராமல் இடத்தை உபயோகிக்க மட்டும் விடும் 'அனுமதி ஒப்பந்தம்' என்ற உபாயத்தைக் கைக்கொண்டனர். ஆயினும் 1973ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாண்டு பிப்ரவரி 1ஆம் தேதியன்று அத்தகைய ஒப்பந்தத்தின்பேரில் இடத்தை அனுபவித்துவந்தோரை வாடகைதாரர் என்றே கருதவேண்டும் என்று விதித்தமையால், நம்பி இடம் கொடுத்தவர் இழந்தார் என்னும் படிப்பினை நகரமெங்கும் பரவியது. அதன் பின்னர்ப் பூட்டுப் போட்டு வைப்பதே புத்திசாலித்தனம் என்று உரிமையாளர் எண்ணியதில் வியப்பில்லை.

வாடகையை இவ்வாறு பல்லாண்டு உறையவைத்தது நியாயமற்றது என உச்ச நீதிமன்றம் 1997 டிசம்பரில் மல்பே விசுவநாத் ஆச்சார்யா வழக்கில் கூறியது. 2000 மார்ச் 31இல் அமலுக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு நான்கு சதவிகித உயர்வுக்கு இடந்தந்தது. எனினும் அனுமதிக் காலம் முடிந்ததும் இடத்தை விரைவில் திரும்பப் பெறுவதற்கு அதன் 24ஆம் பிரிவு காட்டும் வழி, குடியிருக்கும் வீட்டுக்கே உரியது, கடைக்கு உரியதன்று. நியூகாசிலில் முப்பது நாள் நிபந்தனை செய்துமுடித்த காரியத்துக்கு இங்கே சட்டத்தின் துணை இல்லாமற் போனது இந்நகரத்தின் துர்ப்பாக்கியம். கடை உரிமையாளரின் அச்சத்தைப் போக்கும் சிறு திருத்தமொன்று, மானியங்கள் பலவற்றினும் மிக்க பயன் தரும்.

ஆகையால் மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர் பண்பாட்டு வாழ்வு கடைகளில் அன்றிச் சொந்தக் கட்டடங்களில் வளர்ந்தது. 1952இல் தோன்றிய சண்முகானந்த சபை 1963இல் தன் பெருமன்றத்தைத் திறந்தது. 1990இன் தீவிபத்துக்குப் பின் 1998இல் அதை மீண்டும் திறந்தது. பெருமன்றம் அரங்கேற்றத்துக்கு ஏற்றது. மாலைதோறும் வந்து பேசியிருக்க ஏற்றதன்று.

கடையே பண்பாட்டு நிலையமாகக்கூடும் என்ற யோசனை பம்பாயில் வெளிப்படையாக எழுந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு, தென் பம்பாயின் காலா கோடாப் பகுதியிலிருந்த 'ரிதம் ஹவுஸ்' இசைத்தட்டுக் கடை. அது 2016இல் மூடப்பட்டது. பின்னர், வங்கி மோசடி வழக்கில் சிக்கிய வைர வியாபாரி நீரவ் மோடி வசமாகி, அமலாக்கத் துறையினால் முடக்கப்பட்டது. அதை இளம் இசைவாணருக்கான அரங்காக்கலாம் என 2018இல் தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா கூறினார். அது கைகூடவில்லை, கட்டடம் ஆடை வணிகர் வசம் சென்றது.

பம்பாயின் குடிசைப் பகுதியான தாராவியில் நிலைமை வேறு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டோர் காலந்தொட்டு, 'காலா' எனப்படும் தொழிற்கூடம் எதுவும் வெறுமையாய்க் கிடக்க இடநெருக்கடி விடுவதில்லை. ஆயினும் 'ஸ்நேஹா' என்னும் தொண்டு நிறுவனம், 'கலர் பாக்ஸ்' என்ற இடத்தைப் பட்டறையாகக் கொண்டு, வசிப்போரையே கலைஞராக்கி, சுகாதாரத்தைப் பொருளாக வைத்து 2015 பிப்ரவரி, மார்ச்சில் தாராவி பியனாலே கண்காட்சியை நடத்தியது. இத்தகைய இடங்கள் உள்ள தாராவியையே மாற்றியமைக்க, 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் பெற்ற மறுசீரமைப்புத் திட்டம் தற்போது நடைபெற்று வருகிறது.