தோற்ற கணக்கு

கல்லணை ஒன்றின் உடலுக்குள் விசைகள் எவ்வாறு பரவி நிற்கின்றன? அதற்குரிய வகைக்கெழுச் சமன்பாடுகளை எழுதிவிடலாம், தீர்ப்பதுதான் அரிது. 1910இல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் வேறொரு வழியைக் கையாண்டார். அணையின் குறுக்குவெட்டைக் கட்டங்களாகப் பகுத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாட்டை மட்டும் கணக்கில் கொண்டார். நுண்கணிதம் வெறும் எண்கணிதமாக இறங்கி வந்தது. அதைச் செய்தவர்களுள் கூலிக்கு அமர்த்தப்பட்ட சிறுவர்களும் உண்டு. விரைவாகச் செய்த ஒருவன் வாரத்துக்கு 2000 கணக்குகள் முடித்தான். தவறானவை எண்ணிக்கையில் சேரவில்லை. அவர்களைப் பெரிதும் இடறச் செய்தவை கூட்டல், கழித்தல் குறிகளே என்று ரிச்சர்ட்சன் பதிவு செய்திருக்கிறார்.

பின்னர் அவர் இம்முறையைக் காற்றுமண்டலத்தின்மீது செலுத்தினார். க்வேக்கர் நெறியினர் ஆதலால் முதல் உலகப்போரில் ஆயுதம் ஏந்தாமல் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். அங்கே ஓய்வுப் பொழுதுகளில், 1910 மே 20ஆம் நாளின் பதிவுகளைக் கொண்டு, மியூனிக் அருகே ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கையால் கணித்தார். விடை 145 மில்லிபார் உயர்வு. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை.

1917இல் ஷாம்பேன் போரின்போது கைப்பிரதி தொலைந்து, சில மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் கரிக்குவியலின் அடியில் கிடைத்தது. அதோடு அந்தத் தவறான விடையும் மறைந்திருக்கலாம். ஆனால் 1922இல் வெளியான நூலில் அவர் கணக்கின் ஒவ்வொரு படியையும், அதன் தோல்வியையும் அப்படியே அச்சிட்டார். காற்றைப் பற்றிய தொடக்கப் பதிவுகளிலேயே பிழை இருக்க வேண்டும் என்றும் எழுதினார். கணக்கு முழுவதும் கண்முன் இருந்ததால் பிற்காலத்தவர் அதை மீண்டும் செய்து பார்க்க முடிந்தது. தொடக்கத் தரவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசையாமல் இருந்ததே காரணம் என்று கண்டனர். அவற்றைச் சீர்செய்தபோது அதே முறை ஏற்கத்தக்க விடையைத் தந்தது.

1928இல் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி ஆகிய மூவர் மற்றொரு கண்ணியையும் காட்டினர்: காலப்படி கட்டத்தின் அளவுக்கு இசைந்து சிறிதாக இராவிடில் விடை சிதறிவிடும். 1950இல் சார்னி குழுவினர் எனியாக் கணினியில் 24 மணி நேர முன்கணிப்பைச் செய்தனர். கணக்கிடவும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே ஆயிற்று. அம்முடிவுகளைக் கண்டு வாழ்த்திய ரிச்சர்ட்சன் 1953இல் மறைந்தார்.

விடைத்தாள் திருத்தும்போது, படிக்கவே முடியாதபடி அடித்து மறைத்த வரிகளைக் காண்கிறேன். பிழை எங்கே நேர்ந்தது என்பதை அந்த மாணவருக்குச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போகிறது. அப்பொழுதெல்லாம் ரிச்சர்ட்சன் நினைவுக்கு வருகிறார்.