எண் போடாத இரண்டாம் பாகங்கள்

நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது யாராவது ஒருவர் சமீபத்தில் பார்த்த படத்தைப் பற்றி ஆரம்பிப்பார். 'முதல் படத்துக்குக் கிட்டகூட வரலை' என்பார். அல்லது 'சும்மா சிரிச்சுட்டு வரலாம்' என்பார். டீ ஆறும்வரை பேச்சு அதிலேயே ஓடும். கூட்டத்தில் ஐரோப்பிய டைரக்டர்களின் பெயரைத் தவிர வேறு பெயர் சொல்லாதவர்கள் இங்கே கவுண்டமணியைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார்கள். பிறகு கலைந்து போவோம். எழுத உட்கார்ந்தால் இதில் ஒரு வார்த்தையும் வராது.

இந்த எழுதப்படாத அபிப்பிராயத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதை எழுதாமல் விட்டதால் நாம் இழந்தது சிரிப்புப் படங்களைப் பற்றிய சில குறிப்புகளை மட்டும் அல்ல. தமிழ் ஸினிமா எப்படி நினைவில் தங்குகிறது என்ற விஷயத்தையே கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

இதை யோசிக்க வைத்தவை அடுத்தடுத்துப் பார்த்த இரண்டு படங்கள். 2024 ஜூலையில் 'இந்தியன் 2'. 2025 ஜனவரியில் 'மத கஜ ராஜா'. முன்னது 1996ல் வந்த படத்தின் தொடர்ச்சி. இருபத்தெட்டு வருஷம் கழித்து வந்தது. பின்னது 2012ல் எடுக்கப்பட்டு, பெட்டியிலேயே கிடந்து, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வெளியான சாதாரண சிரிப்புப் படம். இரண்டும் காலம் தவறி வந்தவை. முதல் படத்தில் சேனாபதித் தாத்தா கோபப்படப் படப் பக்கத்து ஸீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவதில் மனோபாலாவின் உடலை வைத்துக்கொண்டு நடத்துகிற நீண்ட காட்சியில் அரங்கமே குலுங்கியது. மனோபாலா 2023லேயே காலமாகிவிட்டார். அது தெரிந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கனமான சரக்கு பழசாகிவிட்டது, லேசான சரக்கு பழசாகவில்லை. ஏன்?

*

பின்னால் போய்ப் பார்க்கலாம்.

தமிழ் பேசிய முதல் படம் 'காளிதாஸ்', 1931. அதில் டி.பி.ராஜலக்ஷ்மி தமிழ் பேசினார், கதாநாயகன் தெலுங்கு பேசினார். கதையோடு தியாகராஜ கீர்த்தனை, தேசியப் பாட்டு, குறத்தி நடனம் எல்லாம் சேர்ந்து வந்தன. படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. 1931 அக்டோபர் 29ந் தேதி சுதேசமித்திரனில் வந்த குறிப்பு இருக்கிறது. படம் போய்விட்டது, படத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தை நிற்கிறது. அபிப்பிராயத்தை அலட்சியம் செய்கிறவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் இங்கே கவனிக்க வேண்டும். பிறந்த நாளிலேயே தமிழ்ப் படம் துண்டுகளின் கோவையாகத்தான் இருந்தது. முழுமை என்ற பிரக்ஞையோடு அது பிறக்கவில்லை.

சிரிப்பு இந்தத் துண்டுகளில் ஒன்றாக உள்ளே வந்தது. 1939ல் 'சிரிக்காதே' என்று, சில குட்டி ஹாஸ்யப் படங்களை ஒன்றாக ஒட்டியே ஒரு படம் வந்தது. என்.எஸ்.கிருஷ்ணன் 1930களின் நடுவில் ஸினிமாவுக்கு வந்த போதே தன் பகுதியைத் தானே எழுதிக்கொண்டார். கதை ஒருவருடையது, சிரிப்பு இன்னொருவருடையது என்று அன்றைக்கு ஏற்பட்ட பாகப்பிரிவினை அறுபது வருஷம் நீடித்தது. லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் சிறைப்பட்ட கிருஷ்ணன் 1947ல் விடுதலையாகி வந்ததும், தயாரிப்பில் இருந்த 'சந்திரலேகா'வில் அவருக்கும் டி.ஏ.மதுரத்துக்கும் காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. படம் 1948ல் வந்தது. அத்தனை பெரிய செலவில் எடுத்த படத்தின் நடுவே புதிதாக ஒரு ஜோடியை நுழைக்க முடிந்திருக்கிறது. கதை எங்கேயும் கிழியவில்லை. சேர்க்க முடிவதைக் கழற்றவும் முடியும்.

ஜனங்கள் கழற்றினார்கள். 'கல்யாணப்பரிசு' 1959ல் வந்த சோகப்படம். ஸ்ரீதரின் முதல் டைரக்ஷன். அந்த முக்கோணக் காதலை இன்று சொல்லச் சொன்னால் திணறுகிறவர்கள் தங்கவேலுவை உடனே சொல்வார்கள். வேலை இல்லாதவன் மனைவியிடம் மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று புளுகுகிறான். அது வெளுத்ததும், தானே எழுத்தாளர் பைரவன் என்கிறான். எழுதாமலே எழுத்தாளனாகிப் பாராட்டுக் கூட்டம் வரை போகிறவனைப் பற்றிய இந்த நையாண்டி, எழுத்தாளர்களான நம்மைப் பற்றியது. நம் இலக்கியப் பத்திரிகைகளில் அதற்கு ஒரு எதிர்வினை வந்ததாக நான் பார்த்ததில்லை. டீக்கடையில் மட்டும் சிலரைப் பைரவன் என்று கூப்பிட்டிருக்கிறோம்.

*

இனி தொடர்ச்சிப் படங்கள். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் 1974ல் வந்தபோது, முதல் படம் பார்த்தவன் மனத்தில் அந்தக் குடும்பக் கதை முழுதாக இருந்தது. அதன் மேல் கட்ட முடிந்தது. தொடர்ச்சி என்பது பார்வையாளனின் ஞாபகத்தை நம்பி எடுக்கப்படுகிற படம்.

தமிழில் இந்த யோசனை நாடகத்திலேயே இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 'சபாபதி'யை ஒரு நாடகத்தோடு நிறுத்தவில்லை. பாகம் பாகமாக எழுதினார். 'சபாபதி முதலியாரும் பேசும் படமும்' என்றுகூட ஒன்று எழுதினார். எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. இரண்டு அசடுகளை வெவ்வேறு சந்தர்ப்பத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், அடுத்த பாகம் தானாக நடக்கும். 1941ல் பிரகதி ஸ்டூடியோ அதைப் படமாக்கியது. டி.ஆர்.ராமச்சந்திரன் எஜமானன், காளி என்.ரத்னம் வேலைக்காரன். ஓரங்கட்டப்பட்ட ஹாஸ்யம் அந்த ஒரு படத்தில் நடு வீட்டுக்கு வந்தது. அடுத்த பாகங்கள் மட்டும் திரைக்கு வரவில்லை.

1964ல் 'காதலிக்க நேரமில்லை'. இதிலும் சிரிப்பே கதை. ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பா அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சியைக் கழற்றி எடுத்துப் பார்க்கலாம், ஆனால் படத்திலிருந்து பிடுங்க முடியாது. அதற்கும் இரண்டாம் பாகம் வரவில்லை. 1966ல் ஸ்ரீதரே அதை ஹிந்தியில் மறுபடி எடுத்தார். ஜெயித்ததை நாம் தொடர்வதில்லை, வேறு பாஷைக்கு மாற்றுவோம். பல வருஷங்களுக்கு ரீமேக்தான் நமக்கு இரண்டாம் பாகம்.

தமிழின் முதல் தொடர்ச்சிப் படம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது 'ஜப்பானில் கல்யாணராமன்', 1985. 1979ல் வந்த 'கல்யாணராமன்' படத்தில் இரட்டையரில் ஒருவன் செத்து ஆவியாக வருவான். ஆறு வருஷம் கழித்து அந்த ஆவியே மறுபடி வந்தது, இந்தத் தடவை ஜப்பானுக்கு. ஸுகுபா பொருட்காட்சியைப் பார்க்கக் கிடைத்தது, சிரிப்பு குறைந்துவிட்டது. 'முதல் படம் மாதிரி இல்லை' என்ற வாக்கியத்தை நான் முதன்முதலில் ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றிக் கேட்டது அப்போதுதான். முதல் படத்தின் பொருட்டு இரண்டாவது அளக்கப்பட்டது. விமர்சனம் என்பதன் ஆரம்பப் பாடமே அதுதானே? யாரும் சொல்லித் தராமல் ஜனங்கள் அதைச் செய்தார்கள்.

*

ஆனால் உண்மையான தொடர்ச்சி அந்த வருஷங்களில் வேறு இடத்தில் நடந்துகொண்டிருந்தது.

1984ல் 'வைதேகி காத்திருந்தாள்'. சைக்கிள் கடை அழகுராஜாவிடம் செந்தில் வந்து பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலைப் பற்றிக் கேட்கிறார். கேட்டுக்கொண்டே அதை நசுக்கிவிடுகிறார். 1989ல் 'கரகாட்டக்காரன்'. அதே இருவர், இடையே ஒரு வாழைப்பழம். இரண்டுக்கும் ஹாஸ்யப் பகுதி எழுதியவர் ஏ.வீரப்பன். நடுவில் எத்தனையோ படங்கள், எத்தனையோ டைரக்டர்கள். ஊர் மாறும், தொழில் மாறும், பெயர் மாறும். உதை மாறாது. போன படத்தில் வாங்கிய உதையை மறக்காமல்தான் செந்தில் இந்தப் படத்துக்குள் வருகிறார் என்று அரங்கத்துக்குத் தெரியும். அவர் தலை தெரிந்ததுமே சிரிப்பு ஆரம்பித்துவிடும். இது தொடர்ச்சி இல்லாமல் வேறென்ன? எண் போடாத இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம், ஐம்பதாம் பாகம். சம்பந்த முதலியாரின் இரண்டு சபாபதிகள் விட்ட இடத்தில் இவர்கள் தொடங்கினார்கள்.

கதை படத்தோடு முடிந்தது. சிரிப்பு படம் தாண்டித் தொடர்ந்தது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியும் காஸெட்டும், பிறகு முழு நாளும் சிரிப்புத் துண்டுகளையே போடும் டெலிவிஷன் சானல்களும் இந்த ஞாபகத்தை வளர்த்தன. எந்தப் படம் என்று தெரியாமலே காட்சியை ஒப்பிக்கிற ஒரு தலைமுறை வந்தது.

2010க்குப் பிறகு தலைப்புக்குப் பின்னால் எண் போடும் வழக்கம் வந்தபோது இந்தப் பழைய பாகப்பிரிவினை வெளியே தெரிந்தது. 2006ல் வந்த 'தலைநகரம்' படத்தைப் பாருங்கள். சுந்தர்.சி. கதாநாயகன், வடிவேலு நாய் சேகர். 2022ல் 'நாய் சேகர்' என்று வேறொரு படம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. அதே வருஷக் கடைசியில் வடிவேலுவே 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' படத்தில் வந்தார், பழைய டைரக்டர் சுராஜோடு. 2023ல் சுந்தர்.சி.யின் 'தலைநகரம் 2' வந்தது, வடிவேலு இல்லாமல். கதாநாயகனுக்கு ஒரு வாரிசு, சிரிப்புக்கு ஒரு வாரிசு. சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டும் சோபிக்கவில்லை. நாய் சேகர் தனியாக நின்று சிரிக்க வைத்தவன் அல்ல. பக்கத்தில் நிஜமான ரௌடி ஒருவன் இருந்ததால் சிரிப்பு வந்தது. துண்டு துண்டாகவே நினைவு வைத்திருக்கிற நாம், துண்டுக்கும் ஒரு முழுமை தேவை என்பதை இப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

'இந்தியன் 2' விழுந்ததும் இதனால்தான் என்பது என் கட்சி. முதல் 'இந்தியன்' படத்தை ஜனங்கள் வைத்திருந்தது ஊழலைப் பற்றிய ஒரு வாதமாக அல்ல. ஆபீஸ் காட்சி, மடக்கிய விரல்கள், கவுண்டமணி–செந்தில் சண்டை என்று துண்டுகளாக. தொடர்ச்சிக்காரர்கள் வாதத்தைத் தொடர்ந்தார்கள். 'மத கஜ ராஜா' எதையும் தொடரவில்லை. ஆனால் அதில் இருந்த சந்தானம், கதாநாயகன் ஆவதற்கு முந்திய சந்தானம். சிரிக்க வந்தவர்கள் தாங்கள் விட்டுவந்த ஒரு ஆளை அங்கே மறுபடி பார்த்தார்கள். அவர்களுக்கு அதுவே இரண்டாம் பாகம்.

*

இதோடு முடித்தால் ஜனங்களின் ரசனைக்கு வெறும் தோத்திரம் பாடியதாகும். அது என் உத்தேசம் அல்ல.

கவுண்டமணியின் வாய் பெரிய மனிதர்களை விட்டதில்லை. ஆனால் கால் பெரும்பாலும் செந்தில் மேல்தான் போயிற்று. நிறத்தையும் தொப்பையையும் வழுக்கையையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தார்கள். ஏற்கெனவே கீழே இருப்பவன் தனக்கும் கீழே ஒருவனைக் கண்டுபிடித்து உதைக்கிறான். அதைப் பார்த்து ஒரு சமூகமே பத்து வருஷத்துக்கு மேல் விழுந்து விழுந்து சிரித்தது. இதில் நம்மைப் பற்றி ஏதோ விஷயம் இருக்கிறது. 'சும்மா சிரிச்சுட்டு வரலாம்' என்ற வாக்கியத்தில் அந்தச் 'சும்மா' என்ன செய்கிறது? யோசிக்க வேண்டியதை வாசலிலேயே செருப்போடு விடச் சொல்கிறது.

அதைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். கல்கி 'ஆடல் பாடல்' பகுதியில் கர்நாடகம் என்ற பெயரில் கச்சேரியைப் பற்றி எழுதிய அதே பேனாவால் டாக்கியைப் பற்றியும் எழுதினார். அந்தப் பாணியை வெகுஜன சமாச்சாரம் என்று ஒதுக்கினோம். சரி, அதற்குப் பதில் என்ன வைத்தோம்? 'அக்ரகாரத்தில் கழுதை', 'உதிரிப்பூக்கள்' என்று எழுபதுகளின் இரண்டு மூன்று படங்களைப் பிடித்துக்கொண்டோம். அவற்றைப் பற்றி எழுதியது நியாயமே. ஆனால் நம் தெருவில் தினமும் நிகழ்ந்த சிரிப்பைப் பற்றி நம்மிடம் ஒரு வரி இல்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஒற்றை மனிதராக இருந்து படங்களின் பெயர், தேதி, நடித்தவர் என்று சேர்த்துவைத்துவிட்டுப் போனார். எந்த இடத்தில் அரங்கம் சிரித்தது, எந்த இடத்தில் சிரிக்காமல் நெளிந்தது என்பது எந்தப் பட்டியலிலும் வராது. உட்கார்ந்து பார்த்தவன்தான் சொல்ல வேண்டும்.

பிரதிகள் அழியும். 'காளிதாஸ்' அழிந்தது. டிஜிட்டல் என்று நிம்மதியாக இருக்கிறோம்; அழியாமல் இருக்கிற படத்திலும் அதைப் பார்த்தவர்களின் சிரிப்பு பதிவாவதில்லை. அடுத்த கூட்டம் முடிந்து டீக்கடையில் பேச்சு ஆரம்பிக்கும்போது, ஒருவராவது வீட்டுக்குப் போய் அதை எழுதி வைக்கட்டும். எதற்குச் சிரித்தோம் என்பதோடு, யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பதையும் சேர்த்து.