வன்னியைப் படித்தவர்களும் அவர்கள் விரும்பிய காலங்களும்

வரலாற்றை விரும்பிப் படிப்போரிடையே ஒருவர் மற்றவரிடம் முதலில் கேட்பது எந்தக் காலத்தைப் படிக்கிறீர்கள் என்பதேயாகும். தமிழகத்து வாசகர் பெரும்பாலும் சோழர் காலத்தைச் சொல்வதற்கு, 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ முக்கிய காரணமாகும். யாழ்ப்பாணத்து வாசகர் நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் காலத்தையும் இறுதி மன்னன் சங்கிலியனின் வீழ்ச்சியையும் சொல்வார். வன்னி வாசகரோ, ஏறக்குறைய தயக்கமின்றி, பண்டாரவன்னியனின் 1803ஆம் ஆண்டைச் சொல்வார். இவ்விருப்பங்கள் தாமாகத் தோன்றியவை அல்ல. எந்த நூல் முதலில் கைக்கு வந்தது, அதை எழுதியவர் எதைத் தேடி அந்நிலத்துக்கு வந்தார் என்பவையே அவற்றை ஆக்கியுள்ளன என்பதற்கு வன்னியைப் பற்றிய நூல்களின் வரலாறு நல்ல சான்றாகும்.

இதனை நோக்குவதற்கு மாங்குளம் பொருத்தமான இடம். கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியிலிருந்து கிழக்கே முல்லைத்தீவுக்கும், மேற்கே மல்லாவி, துணுக்காய் பகுதிக்கும் வீதிகள் பிரியும் சந்தி அது. மேற்கே வவுனிக்குளமும் பழைய வன்னியரின் தலைமை இடமாகிய பனங்காமமும், கிழக்கே முத்தையன்கட்டும் ஒட்டுசுட்டானும், அதற்கு முன்னதாகக் கற்சிலைமடுவும், தெற்கே கனகராயன்குளமும் உள்ளன. வன்னி வரலாற்று நூல்களில் மீண்டும் மீண்டும் வரும் பெயர்கள் இவை. ‘மா’ என்னும் மரப்பெயர் ‘குளம்’ என்பதோடு சேரும்போது, மாங்காய், மாங்கன்று என்பவற்றிற்போல இடையில் மெல்லெழுத்துத் தோன்றி ‘மாங்குளம்’ ஆகும் என்பதால், ஊர்ப்பெயரை மானோடு அன்றி மாமரத்தோடு இணைப்பதே தமிழ்ப் புணர்ச்சிக்கு ஒத்தது. வன்னியில் ஊர்ப்பெயர்களில் மிகப்பல குளத்தில் முடிவதும், குளம் இன்றி அங்கு ஊர் நிலைப்பதில்லை என்பதும் இப்பெயரிலேயே அடங்கியுள்ளன.

‘வன்னி’ என்னும் சொல்லுக்குத் தீ என்றும், வன்னி மரம் என்றும், காடு என்றும் பல பொருள் சொல்லப்பட்டு வந்துள்ளது. வரலாற்றில் அச்சொல் ஒரு நிலப்பகுதியை மட்டுமன்றி, வன்னியர் எனப்பட்ட குறுநிலத் தலைவர்களின் ஆட்சி முறையையும் குறித்தது. அத்தகைய ஒவ்வொரு ஆட்சிப் பிரிவும் ‘வன்னிமை’ எனப்பட்டது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி என்பன அவற்றுள் அடிக்கடி பேசப்படுபவை. எவருக்கும் முழுமையாக அடங்காத நிலம் என்ற பொருளில் ‘அடங்காப்பற்று’ என்ற பெயரும் இப்பகுதிக்கு வழங்கியது. வன்னியர் தமிழரிடையே மட்டும் இருந்தவர் அல்லர். நுவரகலாவியப் பகுதியில் சிங்களத் தலைவர்களும் அதே பட்டத்தைத் தாங்கினர் என்பதை, வீரக்கதைகளின் வழியாக மட்டும் இக்காலத்துக்கு வரும் வாசகர் எளிதில் மறந்துவிடுகிறார்.

பழைய தமிழ் நூல்களை ஆக்கியோர் விரும்பிய காலம் தொடக்கக் காலமாகும். வையாபாடல் என்னும் செய்யுள் நூல் வன்னியர் தென்னிந்தியாவிலிருந்து வந்து அடங்காப்பற்றில் குடியமர்ந்த வரலாற்றைக் கூறுகிறது. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையும் வன்னியரின் வருகையைச் சொல்லிவிட்டு நல்லூர் அரசவைக்கே திரும்புகிறது. யார் முதலில் வந்தார், எந்தக் குடிக்கு எந்த நிலம் கிடைத்தது என்பதே இந்நூல்களின் அடிப்படைக் கேள்வி. நிலவுரிமையும் குடிப்பெருமையும் நினைவின் மேல் தங்கியிருந்த சமூகத்தில் அக்கேள்வி வெறும் ஆர்வத்தால் எழுந்தது அன்று என்பதால், அவற்றைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவது தவறு. நடந்தவற்றைக் காட்டிலும், நடந்ததாக மக்கள் எதை நம்பி வாழ்ந்தனர் என்பதை அறிய அவை இன்றியமையாதவை.

இவற்றுக்கு முற்றிலும் வேறான ஆர்வத்தோடு வன்னிக்கு வந்தவர் ஜோன் பென்றி லூயிஸ் என்னும் பிரித்தானிய அதிகாரி. 1895இல் கொழும்பில் வெளியான அவருடைய வன்னி மாவட்டக் கைநூல், அக்காலத்து வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் வரலாறு, குளங்கள், பயிர்ச்செய்கை, நோய்கள், வழக்கங்கள் ஆகியவற்றை ஒரே நூலில் சேர்த்துத் தந்தது. வரி, குளம், குடிசனம் என்ற நிருவாகத் தேவைகளுக்காகத் தொடங்கிய நூல், அவற்றைக் கடந்து, மறைந்து கொண்டிருந்த ஒரு வாழ்க்கை முறையின் பதிவாக அமைந்துவிட்டது. மலேரியாக் காய்ச்சலாலும், ‘பறங்கி’ என்று மக்கள் அழைத்த தோல்நோயாலும், உடைந்த குளங்களாலும் ஊர்கள் ஆளற்றுப் போயிருந்த காலம் அது. ஆட்சியாளரின் கண்ணால் பார்த்த நூல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் காட்டுக்குள் புதைந்த சிற்றூரின் பெயரைக்கூட விடாமல் எழுதிவைத்த அவருடைய உழைப்பைத் தவிர்த்துவிட்டு, பின்வந்த எந்த ஆய்வாளராலும் வன்னியைப் பற்றி எழுத இயலவில்லை.

லூயிஸின் காலத்தவரும் நீர்ப்பாசனத் திணைக்கள அதிகாரியுமான ஹென்றி பார்க்கர் விரும்பியதோ இன்னும் பழைய காலம். 1909இல் வெளிவந்த ‘பண்டைய இலங்கை’ என்னும் பொருள்பட்ட அவருடைய நூலில், அரசர்களுக்குக் கிடைத்த கவனம் குளக்கட்டுகளுக்கும் கிடைத்தது. குளத்து நீரை வயலுக்கு விடும் மதகை வன்னியில் ‘துருசு’ என்பர். மிகை நீர் வழியும் இடம் ‘வான்’ எனப்படும். பெருங்குளத்தின் துருசில் நீர் பாய்ந்து வரும் வேகம் கட்டையே அறுத்துவிடக்கூடியது என்பதால், பண்டையோர் கட்டின் உட்புறத்தில் கல்லால் ஒரு சதுரக் கிணற்றை அமைத்து, நீர் வெளியேறும் அளவை அங்கே கட்டுப்படுத்தினர். அக்கிணற்றின் பயனைப் பார்க்கர் விளங்கிக்கொண்டதற்குக் காரணம், அவரும் அதே சிக்கலோடு நாள்தோறும் மல்லுக்கட்டிய பொறியியலாளர் என்பதே. வவுனிக்குளத்தை இவ்வகைக் கண்ணோடு பார்ப்பவருக்கு, அதைக் கட்டியவன் எந்த அரசன், அவன் எந்த இனத்தவன் என்ற பூசலைவிட, இத்தனை மண்ணைச் சுமந்து கொட்டிய கைகள் எத்தனை என்ற கேள்வியே முன்னே நிற்கும். வன்னி வாசகர்களிடையே பார்க்கருக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை என்பது பெருங்குறை.

யாழ்ப்பாணத்து அறிஞர்களின் கவனம் 1920களில் வேறு திசையில் இருந்தது. முதலியார் செ. இராசநாயகம் 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார்; சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ என்னும் நூலை வெளியிட்டார். ஆரியச்சக்கரவர்த்திகளின் தோற்றம், காலம் ஆகியவற்றில் இருவரும் கொண்ட கருத்து வேறுபாடு, ஈழத்து வரலாற்று வாசிப்பை ஒரு தலைமுறைக் காலம் உயிர்ப்புடன் வைத்திருந்தது. ஆயினும் அவ்விவாதத்தில் வன்னி ஓர் எல்லைப்புறமாகவே வந்துபோனது. அதைத் தனிப் பொருளாக்கி சி. எஸ். நவரத்தினம் 1960இல் வன்னியையும் வன்னியரையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார், பேராசிரியர் சி. பத்மநாதன் 1970இல் ‘வன்னியர்’ என்னும் தமிழ் நூலில், கல்வெட்டுகளையும் பாளி, சிங்கள, தமிழ் மூலங்களையும் ஒப்புநோக்கி, பதின்மூன்றாம் நூற்றாண்டு முதலான வன்னிமைகளின் வளர்ச்சியை ஆராய்ந்தார். பேரரசுகளின் காலத்தை விரும்பும் வாசகருக்குச் சுவையற்றதாகத் தோன்றும் குறுநில ஆட்சியை, ஆராயத்தக்க ஓர் அரசியல் அமைப்பாகத் தமிழ் வாசகர் முன் வைத்தது இந்நூலின் பெரும்பணி.

பொதுமக்களின் விருப்பமோ நூலகத்தில் அன்றி மேடையில் உருவாயிற்று. ‘முல்லைமணி’ என்னும் புனைபெயரில் எழுதிய வே. சுப்பிரமணியத்தின் ‘பண்டாரவன்னியன்’ நாடகம் 1964இல் வெளிவந்தது முதல், பள்ளிக்கூட மேடைகளிலும் கோயில் வீதிகளிலும் அந்த வீரன் நடமாடத் தொடங்கினான். பிற்காலத்தில் தமிழகத்தில் மு. கருணாநிதியும் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என அவனை நாவலாக்கினார். அவனைப் பற்றி உறுதியாகக் கூறக்கூடிய செய்திகள் சிலவே: 1803 ஓகஸ்ட் 25இல் முல்லைத்தீவில் இருந்த பிரித்தானியர் கோட்டையை அவன் படை கைப்பற்றியது, அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படை கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தது. இரண்டாம் செய்தியைப் பொறித்த கல்லொன்று கற்சிலைமடுவில் நடப்பட்டிருந்தது. வென்றவர் மொழியில், வென்றவர் பெயரை முன்வைத்து எழுதப்பட்ட அந்தச் சிறு கல், இந்த இடத்தை அண்டிய பகுதியில் அவன் தோற்கடிக்கப்பட்டான் என்று மட்டுமே கூறியது. கொல்லப்பட்டான் என்று கூறவில்லை. அவன் அன்றே வீழ்ந்தான் என்பவரும், தப்பிச் சென்று மேலும் சில ஆண்டுகள் போராடி 1811இல் இறந்தான் என்பவரும் இன்றுவரை வாதிடுவதற்கு அந்த ஒரு வினைச்சொல்லே இடம் தருகிறது. ஒரு மாவீரனின் நினைவுக்கு ஆதாரமாக அவனை வென்றவர்கள் நட்ட கல்லையே நாட வேண்டியிருந்தது என்பது, தமிழ் மூலங்கள் எவ்வளவு அழிந்துபோயின என்பதை எந்தப் புலம்பலையும் விடத் தெளிவாகக் காட்டும்.

எழுத்தில் இல்லாத மூலங்கள் வன்னியில் இல்லாமற் போகவில்லை. அவற்றுள் ஒன்று வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தையைப் பற்றிய ஒப்பாரி. ‘பணிக்கர்’ என்போர் காட்டு யானையைப் பிடித்துப் பழக்குவதைத் தொழிலாகக் கொண்டோர். ஒல்லாந்தர் காலத்தில் வன்னியர் செலுத்த வேண்டிய திறையே யானைகளாக இருந்தமையால், அத்தொழில் வன்னியின் அரசியலோடு பின்னிக் கிடந்தது. திறை நிலுவையாகி நின்றதால் எழுந்த பூசல்களுக்குப் பின்னர் 1782இல் ஒல்லாந்தர் படை வன்னிக்குள் புகுந்தது என்பதை ஆவணங்கள் கூறும். ஆண்கள் தயங்கிய யானையை ஒரு பெண் கட்டிக் கொண்டுவந்தாள், அதனைப் பொறாதவர்கள் அவளை நஞ்சிட்டுக் கொன்றார்கள் என்பதை ஒப்பாரி கூறும். ஆவணத்தில் எண்ணிக்கையாக மட்டும் நிற்கும் யானை, ஒப்பாரியில் கயிற்றோடும் அச்சத்தோடும் பெருமிதத்தோடும் வருகிறது. ஒல்லாந்தர் காலத்தைப் படிக்க விரும்பும் வாசகர் இவ்விரண்டையும் ஒருசேரப் படிக்காவிட்டால், அவர் அறிவது கணக்கை மட்டுமே.

இத்தகைய வாசிப்பு நடைபெற்ற சூழ்நிலையையும் குறிப்பிடாமல் விடலாகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வில் யாழ்ப்பாண மக்கள் வன்னிக்கு வந்தபோது சிலர் பாய்களோடும் பாத்திரங்களோடும் நூல்களையும் சுமந்து வந்தனர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்களே கிழக்கு நோக்கி இடம் மாறி மாறிச் சென்றபோது, வீட்டு அலுமாரிகளில் இருந்தவை பெரும்பாலும் கைவிடப்பட்டன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிமப் பணி ஈழத்து நூல்கள் பலவற்றைப் படியெடுத்து எவரும் படிக்கத் தந்திருப்பதால், இன்று மாங்குளத்து மாணவர் ஒருவர் அரிய பழைய நூலைக் கைத்தொலைபேசியில் புரட்ட முடிகிறது. இப்பணியின் அருமை, ஒரு நூலை முழுமையாக இழந்த ஊரவருக்கே நன்கு விளங்கும்.

இவ்வளவு காலங்களுக்கும் விரும்பிகள் இருக்க, மாங்குளம் தானே உருவான காலத்துக்கு வாசகரும் எழுத்தாளரும் குறைவு. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுமையடைந்ததும், 1950களிலிருந்து வவுனிக்குளமும் பின்னர் முத்தையன்கட்டும் மீளக் கட்டப்பட்டு, காணி அனுமதிப்பத்திரம் பெற்ற குடும்பங்கள் காட்டை வெட்டி வயலாக்கியதும், 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின்னர் மலையகத் தமிழர் பலர் வன்னிக்கு வந்து குடியேறியதுமே சந்தியை ஊராக்கின. 1990இல் நின்ற புகையிரதம் 2013 செப்டெம்பரில் மாங்குளத்தைக் கடந்து கிளிநொச்சிவரை மீண்டும் ஓடியபோது, பழைய நிலையத்தை நேரில் கண்டவர்கள் முதுமை அடைந்திருந்தனர். இக்காலத்துக்கு லூயிஸைப் போன்ற ஓர் அதிகாரி வரப்போவதில்லை, வரவும் வேண்டியதில்லை. அனுமதிப்பத்திரம், பாடசாலை இடாப்பின் படி, நிலையத்து நிழற்படம், குளக்கட்டில் வேலை செய்த நாட்கூலிப் புத்தகம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை வைத்திருப்போர், ஊரில் இருந்தாலும் புலம்பெயர்ந்து வாழ்ந்தாலும், அதைப் படியெடுத்து, அதன் கதையைத் தம் கையால் எழுதி, ஊர் வாசிகசாலையிலோ எண்ணிம நூலகத்திலோ சேர்ப்பிக்க வேண்டும்.