கோப்பியும் இரைப்பைப் புற்றுநோயும்

கோப்பி குடிப்பதால் இரைப்பைப் புற்றுநோய் வருவதாக உறுதியான சான்று இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை முன்னிட்டுக் கோப்பியைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. 2016இல் அதை நீக்கியது. ஆனால் 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்றது. குற்றவாளி சூடுதான், கொட்டையல்ல.

இலங்கையின் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளை போன்ற குளிரூர்களில் இது கவனிக்கத்தக்கது. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். என்றாலும் அடுப்பிலிருந்து இறக்கியவுடன் வாயில் வைக்கும் தேத்தண்ணி 65 பாகை எல்லையை எளிதில் தாண்டும்.

இரைப்பைப் புற்றுநோயின் முதன்மைக் காரணி ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பக்டீரியா. 1994இல் அதே முகமை அதை முதலாம் பிரிவுப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. புகைத்தலும் உப்பில் ஊறிய உணவுகளும் ஆபத்தைக் கூட்டும். கோப்பி அமிலச் சுரப்பைத் தூண்டுவதால் சிலருக்கு நெஞ்செரிவு வரும். அது வேறு, புற்றுநோய் வேறு. கறுத்த மலம், காரணமின்றி உடல் மெலிதல், விழுங்கச் சிரமம் ஆகியவை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டிய அறிகுறிகள்.