தெருவை அறிந்த சபை

1819-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், பிரஸ்பிட்டேரியன் போதகர் தாமஸ் சால்மர்ஸ் புனித யோவான் சேகரத்தின் பொறுப்பை ஏற்றார். நெசவாளரும் ஆலைத் தொழிலாளருமாக ஏறத்தாழ 10,000 பேர் நெருங்கி வாழ்ந்த சேகரம் அது. பலர் ஆலய வாசலையே மிதியாதவர்கள். அவர்கள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. சேகரத்தை 25 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூப்பரையும் ஓர் உதவிக்காரரையும் ஏற்படுத்தினார். மூப்பர் ஆத்தும நலனை விசாரித்தார். உதவிக்காரர் அடுப்பு எரிகிறதா என்று பார்த்தார். ஏழைகளுக்கென நகரம் வசூலித்த வரிப்பணத்தை மறுத்து, காணிக்கையைக் கொண்டே அவர்களைத் தாங்கினார்கள். உறவினர் உண்டா, வேலை கிடைக்குமா என்றெல்லாம் ஆராய்ந்த பின்னரே உதவி கிடைத்தது. அந்தக் கண்டிப்பு மிகையென்றே எண்ணுகிறேன். ஆயினும், பசித்தவனின் பெயரும் வீடும் அச்சபைக்குத் தெரிந்திருந்தன. நம் ஆலயத்தின் பின்தெருவில் குடியிருப்போரில் எத்தனை பேரின் பெயர் உங்களுக்குத் தெரியும்?