பினாங்கில் கப்பல் ஒரு நாள் நிற்கிறது: கரையில் நேரத்தை எப்படித் திட்டமிடலாம்?

சிங்கப்பூரிலிருந்து 3, 4 நாள் உல்லாசக் கப்பல் பயணம் கிளம்பினால், வழியில் பெரும்பாலும் பினாங்கு, கிள்ளான் துறைமுகம், புக்கெட் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும். கப்பல் காலையில் கரைசேரும், மாலையில் கிளம்பிவிடும்.

இடையில் கிடைக்கும் நேரம் உங்களுடையது. ஆனால் அது பயண அட்டவணையில் தெரிவதைவிடக் குறைவு. கப்பல் கிளம்பும் நேரத்தை வைத்துத் திட்டம் போட்டால் சிக்கல். திரும்பி ஏறவேண்டிய கடைசி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் நிம்மதி.

பினாங்கை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

கையில் எத்தனை மணி நேரம் இருக்கு?

கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி 9 மணி நேரம். உண்மையில் அப்படி இல்லை.

- கப்பல் நின்றவுடன் இறங்க முடியாது. அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று, குடிநுழைவைத் தாண்டி வெளியே வர 9 மணி ஆகலாம்.
- எல்லாரும் கப்பலில் ஏறியிருக்கவேண்டிய நேரம், கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே இருக்கும். இங்கே மாலை 4.30 என்று வைத்துக்கொள்வோம்.
- சாலை நெரிசல், மழை, முனையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை. இவற்றுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அப்போ நீங்கள் முனையத்துக்குத் திரும்பவேண்டிய நேரம் 3.30. கையில் இருப்பது ஆறரை மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி போனால் ஐந்தரை.

கைப்பேசி காட்டும் நேரத்தை நம்பலாமா?

பினாங்கில் நம்பலாம். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம்தான்.

புக்கெட்டில் கவனம் தேவை. தாய்லந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது. கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இயங்கினால், கைப்பேசியில் 4.30 ஆகும்போது கப்பலில் 5.30. அதற்குள் கப்பல் போயிருக்கும்!

இறங்கும்போது கப்பல் எந்த நேரத்தில் இயங்குகிறது என்று கேளுங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் இருந்தால் அதைக் கப்பல் நேரத்துக்கு மாற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.

தவறவிட்டா என்ன ஆகும்?

சொந்தமாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அடுத்த துறைமுகத்துக்கோ வீட்டுக்கோ போகும் செலவு உங்களுடையது.

2024 மார்ச் மாதம் 'நார்வேஜியன் டான்' கப்பலின் 8 பயணிகள் ஆப்பிரிக்காவின் சாவ் தோமே தீவில் தனியார் சுற்றுலாவுக்குப் போய்த் தாமதமாகத் திரும்பினர். கப்பல் இன்னும் அங்கேதான் நின்றது. இருந்தும் ஏற அனுமதி கிடைக்கவில்லை. பல நாடுகளைக் கடந்து கேம்பியாவில் கப்பலைப் பிடிக்கப் பார்த்தனர். கடல்மட்டம் காரணமாகக் கப்பல் அங்கே நிற்கவில்லை. ஒருவழியாக செனகலில்தான் கப்பலை எட்டினர்.

பினாங்கில் நிலைமை அவ்வளவு மோசமாகாது. அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. ஆனால் கடைசி நேர டிக்கெட் விலையும், கேபினில் இருக்கும் பெட்டியும் உங்கள் கவலை.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனால் விலை கூடுதல்தான். ஆனால் பேருந்து தாமதமானால் வழக்கமாகக் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் நிறுவனமே ஏற்பாடு செய்யும். தூரமான இடம் என்றால் அந்தப் பாதுகாப்புக்கு விலை கொடுக்கலாம். பக்கத்திலேயே சுற்றப்போகிறீர்கள் என்றால் தேவையில்லை.

எல்லாத் துறைமுகமும் ஒன்றுதானா?

இல்லை. கிள்ளானில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து கோலாலம்பூருக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகும், நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க ஓடுவதைவிட, கிள்ளான் நகரில் தெங்கு கிளானா சாலையில் உள்ள லிட்டில் இந்தியா போதும் என்று முடிவெடுப்பது புத்திசாலித்தனம். புக்கெட்டில் கப்பல் பாத்தோங் கடலில் நங்கூரமிட்டால், சிறு படகில்தான் கரைக்குப் போய்வர வேண்டும். அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

பினாங்கின் சிறப்பு, கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் முனையம் ஜார்ஜ் டவுன் நகரிலேயே இருப்பது. 2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதி, முனையத்தின் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

நடந்தே ஒரு சுற்று

முனையத்தைவிட்டு வெளியே வந்ததும் தெரிவது விக்டோரியா மகாராணி நினைவு மணிக்கூண்டு. அவர் ஆட்சியின் 60 ஆண்டு நிறைவை ஒட்டி எழுந்தது. ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கிய பகுதி இது.

அங்கிருந்து சுமார் 10 நிமிட நடையில் லிட்டில் இந்தியா. குயின் ஸ்திரீட்டில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. பினாங்கின் ஆகப் பழைய இந்துக் கோயில் இது. பொதுவாகக் கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்திய முஸ்லிம்கள் நிறுவியது. கோயில், பள்ளிவாசல் இரண்டுக்கும் குறைந்தது தோள், முழங்கால் மறையும் உடை போட்டுக்கொள்ளுங்கள். தொழுகை நேரத்தில் பார்வையாளர்கள் உள்ளே போக முடியாது.

மதியச் சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அந்தக் காலத்தில் சோற்றையும் குழம்பையும் தோளில் கம்பு வைத்துச் சுமந்து விற்றார்கள். அந்தக் கம்புதான் 'கண்டார்'.

சாப்பிட்டபின் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் எர்னஸ்ட் சகாரெவிச் 2012இல் வரைந்த சுவரோவியம்: சைக்கிளில் இரண்டு குழந்தைகள். கடைசியாகக் கடலோரத்தில் சியூ குலத்தாரின் மரக்கால் வீடுகள். அங்கே இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். வீட்டுக்குள் எட்டிப்பார்த்துப் படம் எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து கடலோரச் சாலை வழியாக முனையத்துக்கு 20, 25 நிமிட நடை. இந்தச் சுற்றில் எங்கே நின்றாலும் கப்பலிலிருந்து அரை மணி நேரத்துக்குமேல் தள்ளி இருக்கமாட்டீர்கள். கால் வலித்தால் நகருக்குள் இலவச 'கேட்' பேருந்தும் ஓடுகிறது.

கொடிமலை? தண்ணீர்மலை?

கொடிமலை ரயில் 1923இல் தொடங்கியது. மேலேயிருந்து தெரியும் காட்சி அருமை. ஆனால் போக, வர, வரிசையில் நிற்க என்று 3, 4 மணி நேரம் போய்விடும். வார இறுதி, பள்ளி விடுமுறை என்றால் இன்னும் அதிகம். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500க்கும் அதிகமான படிகள் ஏறவேண்டும்.

இரண்டில் ஒன்றுதான் சாத்தியம். அதைக் காலையில் முதல் வேலையாக முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை முனையத்துக்கு அருகில் கழியுங்கள். தூரமானது முதலில், பக்கத்தில் இருப்பது கடைசியில்.

இறங்குவதற்கு முன்

- கேபின் அட்டை இல்லாமல் திரும்ப ஏற முடியாது. கடப்பிதழும் வேண்டுமா என்று கப்பலில் கேளுங்கள். அது கப்பலிடம் இருந்தால் படமாவது கைப்பேசியில் இருக்கட்டும்.
- சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டை தேவையில்லை. குழுவில் வேறு நாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்போர் முன்கூட்டியே சரிபார்க்கவேண்டும்.
- கப்பலின் தினசரித் தாளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி ஏறும் நேரமும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய துறைமுக முகவரின் எண்ணும் பொதுவாக அதில் இருக்கும்.
- சில்லறையாகக் கொஞ்சம் ரிங்கிட் வைத்துக்கொள்ளுங்கள். கிராப் செயலி அங்கும் வேலை செய்யும்.
- தண்ணீர், குடை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பினாங்கில் மழை அதிகம்.
- கப்பலுக்குத் திரும்பியதும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். நடுக்கடலில் அது கப்பலின் துணைக்கோள் கட்டமைப்பில் இணைந்தால் கட்டணம் எகிறும்.

குடும்பமாகப் போனால், திரும்பவேண்டிய நேரத்தை எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் யாரும் யாரையும் தேடி அலையாமல் நேராக முனையத்துக்கு வந்துவிடுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.