ஒரு குரலும் பல செவிகளும்

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் செய்தி ஒருவரிடமிருந்து பலருக்குச் செல்லும் முறை பெரட்டுக் களத்தில் தொடங்கியது எனலாம். விடியுமுன் தொழிலாளர் வரிசையில் நிற்க, கங்காணி ஒருமுறை கூறியது எல்லார் காதிலும் விழுந்தது. லயம் லயமாகச் சென்று கூறினால் பால் வெட்டும் வேளை தப்பிவிடும்.

1946 ஏப்ரல் 1இல் மலாயா வானொலி தோன்றியது. தமிழும் அதன் மொழிகளுள் ஒன்று. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் அரசாங்கத்தார் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தனர். முட்கம்பி வேலிக்குள் திரட்டப்பட்ட தொழிலாளருக்கு அப்பெட்டி பாட்டையும் தந்தது; அரசாங்கத்தின் கருத்தையும் தந்தது. எதைக் கேட்பது என்னும் உரிமை கேட்போரிடம் பெரிதும் இருக்கவில்லை.

வானலைக்கு ஒரு சிறப்பு உண்டு. பத்துப் பேர் கேட்பினும் பதினாயிரவர் கேட்பினும் நிலையத்தின் செலவு ஒன்றே. கம்பிவழிக் கணினி வலையில் அவ்வாறன்று. ஒரு படக்காட்சிக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேண்டும், ஒரு தோட்டத்தில் 200 வீடுகள் அதைக் காண்கின்றன எனக் கொள்வோம். வீட்டுக்கு ஒரு படியாக அனுப்பினால் தோட்டத்துக்கு வரும் கம்பி 1000 மெகாபிட் சுமக்க வேண்டும்!

இதற்கு வழி கண்டவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவ் டீரிங். அவர் வகுத்த குழுப்பரப்பல் (மல்டிகாஸ்ட்) நெறி 1989 ஆகஸ்டில் வெளிவந்தது. கேட்க விரும்பும் கணினி, 224 முதல் 239 வரையுள்ள எண்ணில் தொடங்கும் குழு முகவரி ஒன்றில் தன்னைச் சேர்க்குமாறு அருகிலுள்ள ரவுட்டரிடம் கூறும். அது மூலத்தின் திசையிலுள்ள அடுத்த ரவுட்டரிடம் கேட்கும். வழி கிளைக்கும் இடத்தில்தான் படி எடுக்கப்படும். விரும்புவோர் இல்லாத கிளைக்கு ஒன்றும் செல்லாது. பொதுப் பெட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே: இங்கே கேட்பவன் கேட்டால்தான் குரல் வரும்.

ஆதலின் ரவுட்டரை அமைப்போர் குழுப்பரப்பலை இயக்கியதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு வாயிலிலும் 'பிம்' என்னும் வழிநெறியை இயக்க வேண்டும். அனுப்புவோரும் கேட்போரும் முதலில் கூடும் சந்திப்பு ரவுட்டரை எல்லா ரவுட்டர்களும் ஒன்றாகவே அறிந்திருக்க வேண்டும். மூலத்துக்குத் திரும்பும் வழியல்லாத வாயிலில் வந்த செய்தியை ரவுட்டர் தள்ளிவிடும். கம்பி நன்றாயிருந்தும் படம் வராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1992 மார்ச்சில் சான் டியேகோவில் கூடிய இணையப் பொறியியலாரின் பேச்சு இம்முறையில் மூன்று கண்டங்களில் 20 இடங்களில் கேட்டது. எனினும் பொது இணையம் முழுதும் இது பரவவில்லை. தனித்தனி நிறுவனங்களின் வலைக்குள்ளேயே தழைத்தது. மலேசியாவில் டெலிகோம் மலேசியா 2010இல் தொடங்கிய ஹிப் டிவி, நேரலை ஒளிபரப்பை இவ்வாறே வீடுகளுக்குக் கொணர்ந்தது. ஆனால் தொடக்கத்தில் பெரிதும் கண்ணாடி இழை சென்ற இடத்துக்கே அது சென்றது. அது எட்டாத லயங்களில் கூரைமேல் அஸ்ட்ரோ தட்டு நின்றது. 1996இல் ஏவப்பட்ட மீசாட் துணைக்கோள் அங்கே முந்திக்கொண்டது.